கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல்

புதிய நகரொன்றைக் காணச் செல்வோர் அங்குள்ள கோட்டையையும் கோபுரத்தையும் முதலில் தேடுவது வழக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த கல்முனைக்கு வருவோர் அத்தகைய பழங்கோட்டை எதனையும் காணார். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டை, வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், மட்டக்களப்பில் இருக்கின்றது. கல்முனையில் இருப்பவை நீண்ட மணற்கரையும், வெயிலில் ஒளிரும் வங்கக் கடலும், அக்கடலோரத்தில் நிற்கும் ஒரு பள்ளிவாசலுமே. ஆயினும் அந்தப் பள்ளிவாசலின் கதையை அறிந்தோர்க்கு இக்கரை வாழ் மக்களின் வரலாறும் ஒருவாறு விளங்கிவிடும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தவை. கிழக்கே கரைவலைத் தோணிகள். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்கள். மருதமுனையிற் கைத்தறியின் ஓசையையும் கேட்கலாம். இவ்வூர்களுக்கிடையே பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய தமிழூர்களும் உள்ளன. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பிற்குப் பெயர் பெற்றது. காரைதீவு, கண்ணகை அம்மன் கோயிலை உடையது. ‘யாழ் நூல்’ இயற்றிய விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த ஊரும் அதுவே.

இக்கரையில் முஸ்லிம்கள் குடியேறிய வரலாறு நீண்டது. அரபு நாட்டு வணிகரும் தென்னிந்திய முஸ்லிம் வணிகரும் இலங்கைத் துறைகளுக்கு வந்து தங்கியமை போர்த்துக்கேயர் வருகைக்கு முற்பட்ட செய்தி. 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் அளித்தான் என்றும், அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான குவெய்ரோஸ் பாதிரியார் எழுதியுள்ளார். முன்னரே இங்கு வாழ்ந்தோரும் புதிதாக வந்தோரும் காலப்போக்கில் ஒரே சமூகமாயினர். மண்ணோடு அவர்கள் எவ்வளவு ஒன்றினர் என்பதற்குத் தாய்வழிக் ‘குடி’ முறையே சான்று. அயலிலுள்ள தமிழரைப் போலவே இவர்களும் தாயின் குடியையே தம் குடியாகக் கொள்வர். திருமணத்தின்போது வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் சேரும்.

இத்தகைய மக்கள் போற்றும் கடற்கரைப் பள்ளிவாசல் கல்முனைக்குடியில் உள்ளது. நாகூர் ஆண்டகை என வழங்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவிற்குரிய இடம் அது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியாரின் அடக்கத்தலம் தமிழகத்து நாகூரில் உள்ளது. கல்முனையில் இருப்பது நினைவிடம் மட்டுமே. உடல் அடங்காத ஓரிடத்தில் ஏன் இத்தனை பற்று என்று காண்போர் வினவக்கூடும். விடை கடலில் இருக்கின்றது. ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலொன்றை, நெடுந்தொலைவிலிருந்தே தம் கைக் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்பது ஆண்டகையைப் பற்றிய புகழ்பெற்ற கதை. ஆகவே கடலோடிகள் அவரைத் தம் காவலராகக் கொண்டனர். அவர்கள் சென்ற துறைகளுக்கெல்லாம் அவர் பெயரும் சென்றது. பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூரில் 1828ஆம் ஆண்டிற்கும் 1830ஆம் ஆண்டிற்கும் இடையிலும் நாகூர்த் தர்காக்கள் எழுந்தன. அவ்விரு நகர்களிலும் ஆண்டகையின் உடல் இல்லை. வங்கக் கடலைச் சூழ்ந்த இந்த நினைவிடங்களின் வரிசையிற் கல்முனையும் ஒன்று.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்குக் கொடியேற்றப்படும். பன்னிரண்டு நாள் நடைபெறும் இவ்விழா கொடியிறக்கத்துடனும் கந்தூரி உணவுடனும் நிறைவு பெறும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இது நடைபெற்று வருகின்றதென ஊரார் கணக்கிடுவர். பிறைக் கணக்கின்படி வருவதால் விழா ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பதினொரு நாள் முந்திவிடும். காண விரும்புவோர் நாளைக் கேட்டறிந்து செல்லுதல் நன்று. அந்நாட்களிற் கடற்கரை முழுதும் கடைகள் நிறையும். பிள்ளைகள் பெற்றோரின் கைப்பிடித்து வருவர். அயலூர் இந்துக்களும் நேர்ச்சை வைத்து வந்தது பழைய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்திற் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே குருதி சிந்தியபோது அவ்வழக்கம் தளர்ந்தது.

கொடியேற்றத்தைக் குறித்து முஸ்லிம்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். பெரியார்களின் பெயரால் நேர்ச்சையும் கந்தூரியும் செய்தல் மார்க்கத்திற்கு ஒவ்வாதென ஒரு சாரார் கண்டிப்பர். இறைவனுக்கே வணக்கம், நல்லடியார்க்கு மதிப்பு மட்டுமே என்பது மற்றொரு சாராரின் மறுமொழி. இவ்விவாதத்தின் நடுவேயும் கொடி ஏறியே வருகின்றது.

எல்லாவற்றினும் கடிய சோதனை கடலிலிருந்தே வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுந்த உயிர்களைக் கொண்டது. இம்மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் 10,000 பேருக்கு மேற்பட்டோர். மருதமுனை முதல் காரைதீவு வரை கரையோர வீடுகள் தரையோடு தரையாயின. கடற்கரைப் பள்ளிவாசலையும் அலை தாக்கியது. காவலர் என்று நம்பிய பெரியாரின் வாசலிலேயே கடல் புகுந்தமை பலரின் நெஞ்சை உலுக்கியிருக்கும்.

அதன்பின் எழுந்த வினா, மக்கள் எங்கே வாழ்வது என்பதாகும். கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விதித்தது. பிற மாவட்டங்களில் மக்கள் உள்நோக்கி நகர இடமிருந்திருக்கலாம். கல்முனையிலோ சிறிது நகர்ந்தால் வயல் குறுக்கிடும். வயலை நிரப்பினால் நெல் போகும். கரையை விட்டால் மீன் போகும். விதி பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும் பல குடும்பங்கள் நெடுநாள் தற்காலிகக் கொட்டில்களிலேயே காலம் கழித்தன. புதிய வீடுகள் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆடவர் பெயருக்கு எழுதப்பட்ட இடங்களில், தாயிடமிருந்து மகளுக்கு வந்த பெண்களின் உரிமையும் உடன் மறைந்தது. அலை கொண்டுபோன பொருள்களின் கணக்கில் இவ்விழப்பை எழுதினோர் சிலரே.

இத்தனைக்குப் பின்னரும் கரைவலை மீண்டும் கடலில் இறங்கியது; பள்ளிவாசலிற் கொடியும் மீண்டும் ஏறியது. நாட்டை விட்டு விரட்டப்பட்டோர் வந்து வேரூன்றிய கரையை அவர்தம் வழித்தோன்றல்கள் எளிதில் விட்டுப் போகவில்லை. விடியற்காலையிற் கல்முனைக் கரையில் நின்று கதிரவன் எழும் காட்சியைக் காண்போர், மனை மட்டும் எஞ்சிய இடங்களையும் அவற்றினருகே மீண்டும் எழுந்த வீடுகளையும் சற்றே நோக்குதல் வேண்டும். அங்கே வலையிழுப்போரிடம் இரண்டு வார்த்தை பேசினால், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத வரலாற்றை அவர்களே எடுத்துரைப்பர்.