மும்பைக்குப் பஞ்சம் இடமா, மண்ணா?

மும்பையில் வீட்டுக்கு வேண்டிய காய்கறியை வீட்டிலேயே வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால், "இடம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விதான் முதலில் எழும். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே வாழும் ஊரில் அது நியாயமான கேள்வி. ஆனால் கடந்த நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், இந்த நகரத்தில் செடி வளர்ப்பதற்கு மிகப் பெரிய தடையாக இருந்தது மண் பற்றாக்குறை என்றே தோன்றுகிறது. வீடுகள் அடுக்கடுக்காக உயர்ந்தபோது மொட்டை மாடிகளும் பால்கனிகளும் கூடவே பெருகின. மண்ணாகியிருக்க வேண்டிய சமையலறைக் கழிவும் சருகும்தான் நாள்தோறும் ஊரைவிட்டு வெளியேறின. தொட்டியிலும் மேட்டுப்பாத்தியிலும் காய்கறி வளர்த்த மும்பைக்காரர்களின் கதை, அந்தக் கழிவைத் தடுத்து நிறுத்தி மறுபடி மண்ணாக்கக் கற்றவர்களின் கதை.

கழிவு வெளியேறத் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலும் அழுக்கும்தான் நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகள் அகன்ற சாலைகளோடும் பூங்காக்களோடும் புதிதாக வகுக்கப்பட்டது அந்த டிரஸ்டின் திட்டத்தால்தான். இன்றும் மாட்டுங்காவின் பெருமையாகச் சொல்லப்படும் ஃபைவ் கார்டன்ஸ் அந்தக் கனவின் சின்னம். நிழலும் காற்றும் தந்த அந்தத் திட்டத்தில் காய்கறிப் பாத்திக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அங்கே குடியேறிய தமிழர்கள் முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் கறிவேப்பிலைக்கும் கடைத்தெருவையே நம்பினார்கள். மறுபக்கம், நகரத்தின் குப்பை கிழக்கே செம்பூர், தேவனார் சதுப்பு நிலங்களுக்குப் போனது. 1906-ல் போடப்பட்ட குர்லா–செம்பூர் ரயில் பாதையே குப்பை வண்டிகளுக்காகப் போடப்பட்டதுதான். மனிதர்கள் பயணம் செய்ய அது திறக்கப்பட்டது 1924-ல். நோய்க்கு அஞ்சிய தலைமுறை எடுத்த முடிவை இன்று குறை சொல்வது எளிது. ஆனாலும் அதன் விளைவு உண்மையானது. வயலிலிருந்து காய்கறியாக நகரத்துக்குள் வந்த சத்து, எந்த வேருக்கும் பயன்படாமல் சதுப்பில் புதைந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது; 1943-ல் பம்பாயில் ரேஷன் முறை வந்தது. "உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்" என்ற இயக்கமும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. போர் முடிந்த பின்னும் அதன் பெயர் வாழ்ந்தது: ரயில்வே தன் ஊழியர்களுக்குத் தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தை அதே பெயரில் பயிரிடக் கொடுத்தது. மின்சார ரயிலில் போகும் மும்பைக்காரர்கள் அப்படி விளைந்த பாலக்கையும் தண்டுக்கீரையையும் வெண்டையையும் பல பத்தாண்டுகளாக ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார்கள். நிலம் கிடைத்தது, ஆனால் நல்ல நீருக்கும் எருவுக்கும் யாரும் வழி செய்யவில்லை. பல இடங்களில் பக்கத்துச் சாக்கடை நீரே பாசனமாயிற்று. இடம் மட்டும் கிடைத்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாற்று வழி மொட்டை மாடிகளிலிருந்து வந்தது. ஆர். டி. தோஷி தம் பாந்த்ரா வீட்டு மாடியில் பாலித்தீன் பைகளையும் பழைய டிரம்களையும் கரும்புச் சக்கையாலும் மக்கிய கழிவாலும் நிரப்பி, மேலே கொஞ்சம் மண் இட்டுக் காய்கறியும் பழமரங்களும் வளர்த்தார். கோலாப்பூரின் கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தபோல்கர், சருகையும் சாணக் கரைசலையும் கொண்டு வளமான மண்ணை உருவாக்கும் முறையை வகுத்தார். நம்மாழ்வார் வழிவந்த தமிழக இயற்கை விவசாயிகள் பலதானிய விதைப்பைச் சொல்லும்போது நினைவுகூர்வதும் இவரைத்தான். மும்பைத் துறைமுக டிரஸ்டில் உணவுப் பிரிவு அதிகாரியாக இருந்த ப்ரீத்தி பாட்டீல், 2002-ல் இந்த வழியை அங்குள்ள மையச் சமையற்கூடத்தின் மாடிக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 3,000 ஊழியர்களுக்குச் சமைத்த கூடத்தின் காய்கறித் தோலும் எஞ்சிய உணவும் அதே கட்டடத்தின் உச்சியில் மண்ணாயின. இந்த முறையின் பலம் எடையிலும் இருக்கிறது. ஈரமான தோட்ட மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். சருகும் சக்கையும் மக்கிய கலவை அதைவிடப் பெரிதும் இலேசானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் தரையில் நட்ட செடி வேரழுகிப் போகும். மேட்டுப்பாத்தியிலும் அடியில் துளையிட்ட தொட்டியிலும் நீர் வடிந்துவிடும்.

இது மாடி வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு, தாராவிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தாராவி நிலமே சேற்றையும் கழிவையும் கொட்டி மக்கள் தங்கள் கையால் மேடாக்கிய நிலம். 1930-களில் அங்கே குடியேறிய சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவிலிருந்துதான் நகரத்தின் எத்தனையோ பால்கனிகளுக்கு மண்தொட்டி போகிறது. பழைய டிரம்மும் பிளாஸ்டிக்கும் தாராவித் தொழிலாளர் கையில் மறுபிறவி எடுக்கின்றன. தாராவிக்கு எதிரே, ஒருகாலத்தில் குப்பைமேடாக இருந்த 37 ஏக்கரில், 1994-ல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இன்று காடாக நிற்கிறது. கழிவைப் பொருளாக்கும் திறமை இந்த ஊரில் வேறெங்கும் இவ்வளவு குவிந்ததில்லை. அந்தத் திறமைக்கு உரியவர்களின் வாசலில் மட்டும் ஒரு துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் மேல் வைக்க வழியில்லை என்றால், அது திட்டமிடுவோர் திருத்த வேண்டிய அநீதி. அதைக் காட்டி இந்த முறையையே ஒதுக்குவது தவறு.

மாடித் தோட்டம் நகரத்தின் பசியைத் தீர்க்குமா என்ற கேள்வியும் உண்டு. தீர்க்காது. அரிசியும் பருப்பும் வயலில்தான் விளைய வேண்டும். ஆனால் கீரை வேறு வகை. பறித்த அன்றே வாடும், தூரம் போகப் போகச் சத்தை இழக்கும், ஏழை வீட்டுத் தட்டில் முதலில் காணாமல் போவதும் அதுதான். 1991-ல் சோவியத் யூனியன் சிதறி, கியூபாவுக்கு அங்கிருந்து வந்த எரிபொருளும் உரமும் நின்றுபோனபோது, அதன் தலைநகர் ஹவானா காலி மனைகளில் சுவரெழுப்பி மக்கிய உரம் நிரப்பிய மேட்டுப்பாத்திகளை அமைத்துக் காய்கறித் தட்டுப்பாட்டைச் சமாளித்தது. மோசமான நகர மண்ணுக்கு மேலே தூய மண்ணைப் புதிதாக உருவாக்குவது, சாக்கடைப் பாசனத்தின் ஆபத்துக்கும் பதிலாகிறது. மாடி ஒழுகும் என்ற அச்சம் தீர நீர்க்கசிவுத் தடுப்பும் வடிகாலும் தேவை. அதைச் செய்யாமல் தொட்டி வைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2016 ஜனவரியில் தேவனார் குப்பைமேடு எரிந்தபோது, செம்பூரும் கோவண்டியும் நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தன. மறுஆண்டு மாநகராட்சி, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு தரும் வளாகங்கள் ஈரக்குப்பையைத் தங்கள் இடத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்றது. 1906-ன் ரயில் பாதை தொடங்கிவைத்த போக்கை மாற்ற இந்த விதி ஒரு வாய்ப்பு. ஆனால் உரமாக்கச் சொல்லும் விதி, அந்த உரம் எந்த வேருக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வளாகத்தின் உரத்துக்கும் அதன் மாடியிலேயே பாத்தி வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் எழும் கட்டடங்களின் மாடிகள் தோட்டத்தின் எடையைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும். அவற்றின் மீது குடியிருப்போருக்கு உரிமையும் வேண்டும். பிளேக் காலத்து அரசு ஒரு ரயில் பாதையே போட்டுக் கழிவை வெளியேற்றியது. அதை மண்ணாக்கித் திரும்பக் கொண்டுவரவும் அதே அளவு பொதுப் பணமும் உறுதியும் செலவிடப்பட வேண்டும்.