பெயர் குறிப்பிடாத துறைமுகம்: 1947 பாதுகாப்பு உடன்படிக்கையும் திருகோணமலையும் இலங்கை இடதுசாரிகளும்

இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான பாதுகாப்பு உடன்படிக்கை 1947 நவம்பர் 11 அன்று கைச்சாத்தானது. வெளிவிவகாரம், அரச உத்தியோகத்தர் ஆகியவை பற்றிய வேறு இரண்டு உடன்படிக்கைகளும் அதே நாளில் ஒப்பமிடப்பட்டன. இலங்கையின் சார்பில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவும் பிரித்தானியாவின் சார்பில் ஆளுநர் ஹென்றி மொங்க்-மேசன் மூரும் ஒப்பமிட்டார்கள். மூன்று மாதம் கழியுமுன் வந்த சுதந்திரத்தை லங்கா சமசமாசக் கட்சி வழிவந்த இடதுசாரிகளான சமசமாசிகள் போலிச் சுதந்திரம் என்று தள்ளினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய முதற்சான்று இந்த உடன்படிக்கை. அவர்கள் சுட்டிய இடம் திருகோணமலை. அந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து வளர்ந்தது, பொருளாதாரக் கண்டனத்தோடு எப்படிப் பிணைந்திருந்தது, 1957இல் எப்படி அதிலிருந்து கழன்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்குற்றச்சாட்டுக்கு மிக வலுவான மறுப்பை எழுதியவர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர், அரசியலமைப்பு விடயங்களில் சேனநாயக்கவின் ஆலோசகராகவும் இருந்தார். ஆகவே 1949இல் வெளிவந்த அவரது ‘இலங்கை அரசியலமைப்பு’ என்னும் நூலை ஒரு பங்காளியின் நூலாகவும் படிக்க வேண்டும். அவரது வாதம் சுருக்கமானது: உடன்படிக்கைகள் இரு அரசாங்கங்களுக்கு இடையே சுயவிருப்பின்பேரில் ஏற்பட்டவை, படைத்தள வசதிகள் இருதரப்பு இணக்கத்துக்கு உட்பட்டவை, இலங்கையின் இறைமை சட்டத்தின் கண்ணில் முழுமையானது. பிற்கால வரலாற்றாசிரியர் பலரும் இதையே ஏற்றுக்கொண்டனர். இலங்கை கேட்டதும் 1957இல் பிரித்தானியா தளங்களைக் கையளித்தது ஜெனிங்ஸின் வாசிப்புக்குக் கிடைத்த மெய்ப்பிப்பு போலத் தோன்றியது. இடதுசாரிகள் வெற்று ஆரவாரம் செய்தவர்கள் என்ற எண்ணம் இதிலிருந்தே வேரூன்றியது.

ஜெனிங்ஸின் வாசிப்பைச் சோதிக்க, ஒரு பக்க அளவே உள்ள அந்த மூலத்துக்குத் திரும்புவதே வழி. ஐந்து உறுப்புரைகள். முதலாவது, பரஸ்பர நலனுக்கு உகந்த இராணுவ உதவியைப் பற்றியது; பிரித்தானியா கடற்படை, விமானப்படைகளை இலங்கையில் நிலைகொள்ளச் செய்யவும் தரைப்படையை வைத்திருக்கவும் இடமளிக்கிறது. இரண்டாவது, அதற்கு வேண்டிய வசதிகளை இலங்கை வழங்கும் என்கிறது. மூன்றாவது, இலங்கைப் படைகளுக்கான பயிற்சி. நான்காவது, ஒத்துழைப்புக்கான நிர்வாக ஏற்பாடு. ஐந்தாவது, நடைமுறைக்கு வரும் நாள். முதல் இரண்டு உறுப்புரைகளிலும் ‘பரஸ்பரம் இணங்கியவாறு’ என்ற நிபந்தனை இருக்கிறது. ஜெனிங்ஸின் கட்டடம் முழுவதும் நிற்பது இந்த நிபந்தனையின்மேல்.

ஆனால் இரண்டாம் உறுப்புரையின் கடைசி வாக்கியத்துண்டு வேறு தொனியில் பேசுகிறது. பிரித்தானியப் படையினர்மீது அவர்களது இராணுவ நீதிமன்றங்களும் அதிகாரிகளும் ‘தற்போது’ செலுத்திவரும் கட்டுப்பாட்டையும் நியாயாதிக்கத்தையும் தொடர்ந்து செலுத்தும் உரிமையை அது உறுதிசெய்கிறது. ஒப்பமிட்ட நாளில் இலங்கை இன்னும் குடியேற்ற நாடு. ஐந்தாம் உறுப்புரையின்படி உடன்படிக்கை உயிர்பெறுவதோ நாடு சுதந்திரமடையும் அதே நாளில். ஆகவே ‘தற்போது’ என்பது குடியேற்ற ஆட்சிக் காலத்தின் நிலையை அளவுகோலாக எடுத்துச் சுதந்திர நாட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. வசதிகள் இனிமேல் பேசித் தீர்க்கப்படுபவை. நியாயாதிக்கமோ முன்பே தீர்ந்துவிட்டது. சுயவிருப்பு என்ற ஜெனிங்ஸின் விளக்கம் இந்த வரிக்குப் பொருந்தவில்லை. ஒரு வரியில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். இவ்வளவு சிறிய ஓர் உடன்படிக்கையில் வீண்வரிக்கு இடமிருக்கவில்லை என்பதுதான் பதில்.

அந்த ஒரு பக்கம் சொல்லாமல் விட்டவை அதைவிடப் பேசுகின்றன. அதில் கால எல்லை இல்லை. விலகிக்கொள்ளும் முறை இல்லை. வாடகை பற்றிப் பேச்சில்லை. திருகோணமலை என்ற பெயரே இல்லை; கட்டுநாயக்கா விமானத்தளமும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் வெளிப்படையாகவே பெயர் சொல்லப்பட்டன. 1947இல் அதற்குத் தேவையிருக்கவில்லை. உட்துறைமுகத்தின் டொக்யார்ட், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் ஏற்கெனவே பிரித்தானியரின் கையில் இருந்தன. புதிதாக ஒன்றைக் கேட்கும் தரப்புக்குத்தான் அதன் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் உண்டு. இருப்பதை வைத்திருக்க மௌனமே போதும். சட்ட வாசகத்தை மட்டும் படித்த ஜெனிங்ஸுக்கு இந்த மௌனம் இலங்கையின் சுதந்திரமாகத் தெரிந்தது. துறைமுகத்தின் கரையில் நின்று பார்த்தால் அது பழைய நிலையின் தொடர்ச்சி.

சுயவிருப்பு என்ற வாதத்தை இன்னோர் ஆவணமும் அசைக்கிறது. 1947 ஜூன் 18 அன்று பிரித்தானிய அரசாங்கம் விடுத்த அறிவிப்பு, இலங்கைக்கு முழுப்பொறுப்புள்ள அந்தஸ்து தரப்படும் என்றது. அதற்குமுன் சில விடயங்களில் இரு தரப்புக்கும் திருப்தியான உடன்படிக்கைகள் ஏற்பட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. முதலில் உடன்படிக்கை, பிறகு சுதந்திரம் என்ற வரிசை இங்கேயே தெளிவு. அறிவிப்பின் காலமும் கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கொழும்பு பொது வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஜூன் 5 அன்று அரசாங்க எழுதுவினைஞர் வி. கந்தசாமி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பதின்மூன்று நாளில் லண்டன் அறிவிப்பு. ஓகஸ்டில் பொதுத்தேர்தல் தொடங்கவிருந்தது. இடதுசாரிகளை முந்திக்கொள்ளவே சேனநாயக்கவின் கையில் இந்த வாக்குறுதி கொடுக்கப்பட்டது என்று சமசமாசிகள் வாதிட்டனர். நாட்களின் நெருக்கம் மட்டும் காரணத்தை நிறுவிவிடாது. சேனநாயக்கவின் பிரதிநிதியாக ஒலிவர் குணதிலக்க லண்டனில் நடத்திய பேச்சுகளுக்கும் பிரித்தானிய இராணுவத் தலைமையின் கவலைகளுக்கும் இந்த முடிவில் பங்குண்டு. ஆனாலும் தேர்தல் முடிவு அந்த அச்சம் வெறுங்கற்பனை அல்ல என்று காட்டியது. 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றவை 42. இரண்டாகப் பிளந்திருந்த சமசமாசிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 18.

இடதுசாரிகளின் கசப்புக்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. இந்த உடன்படிக்கையைக் கேட்டு வாங்கியது வின்ஸ்டன் சேர்ச்சிலின் பழமைவாத அரசாங்கம் அல்ல. கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கம். இலங்கை இடதுசாரித் தலைவர்களில் முக்கியமானவர்கள் அரசியல் கற்ற இடமே லண்டன்தான். என். எம். பெரேரா லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரல்ட் லாஸ்கியின் மாணவர். லெஸ்லி குணவர்தன படித்ததும் அங்கே. பிலிப் குணவர்தன லண்டனில் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கத்தில் உழைத்தவர். கொல்வின் ஆர். டி சில்வா லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றது இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் தொடக்க காலம் பற்றிய ஆய்வுக்காக. அந்த வரலாறு தொடங்குவதே 1795 ஓகஸ்டில் பிரித்தானியப் படை திருகோணமலையைக் கைப்பற்றியதில். 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி உருவானபோது பிரித்தானியத் தொழிலாளர் இயக்கம் அவர்களுக்கு அந்நியமானதல்ல. யுத்த காலத்தில் கட்சி தடைசெய்யப்பட்டு, தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய இரண்டாம் நாள், 1942 ஏப்ரல் 7 அன்று, பெரேரா, டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினர். இந்தியாவுக்குக் கடந்து அங்கே இயக்கத்தைத் தொடர்ந்தனர். யுத்தம் முடிந்து லண்டனில் தொழிற்கட்சி வென்றபோது எழுந்த எதிர்பார்ப்பைப் பாதுகாப்பு உடன்படிக்கை முடித்துவைத்தது.

பொருளாதாரக் கண்டனமும் அதே மனக்குறையிலிருந்து எழுந்தது. மலாயா விழுந்த பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த முதன்மை நாடு இலங்கை. விலையை நிர்ணயித்தது லண்டன். இறப்பரையும் தேயிலையையும் வாங்கியதும் லண்டன். பணம் ஸ்டேர்லிங் இருப்பாக அங்கேயே தங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் இலங்கை ஸ்டேர்லிங் வலயத்தில் இருந்தது. நாடு ஈட்டிய டொலர் லண்டனின் பொதுக்கணக்கில் சேர்ந்தது. 1949 செப்டெம்பரில் பிரித்தானிய நிதியமைச்சர் ஸ்டாபர்ட் கிரிப்ஸ் பவுணின் மதிப்பை 30 சதவீதத்துக்கும் மேல் குறைத்தபோது இலங்கை ரூபாயும் அதனோடு விழுந்தது. மத்திய வங்கி பிறந்தது அடுத்த ஆண்டு ஓகஸ்டில்தான். துறைமுகத்தில் பிரித்தானியக் கப்பல், கருவூலத்தில் பிரித்தானிய நாணயம், மலையகத்தில் பிரித்தானியக் கம்பனி என்று இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குவது அன்றைய இடதுசாரி மேடையின் இயல்பு. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் இந்த அடுக்கை முதலில் உடைத்தது. அதைச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் என்பது இடதுசாரிகளுக்குச் சங்கடமான செய்தி. அடுத்த ஆண்டு கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டு, 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. அன்று அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திர நாட்டின் அமைச்சர்கள் தம் மக்களிடமிருந்து அடைக்கலம் தேடிய இடம் எது என்பதை இடதுசாரிகள் பின்னர் மறக்கவிடவில்லை. ஜெனிங்ஸின் சட்டவாதத்தால் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல முடியாது.

எனினும் இடதுசாரி வாசிப்பிலும் ஓட்டை உண்டு. 1948இல் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் வீட்டோவால் தடுத்தது. நாடு உண்மையில் சுதந்திரமடையவில்லை என்பது அது சொன்ன காரணம். ஆனால் 1955 டிசம்பரில் வல்லரசுகள் பல நாடுகளை ஒருசேரச் சேர்க்க இணங்கியபோது இலங்கையும் உள்ளே போனது. திருகோணமலையில் பிரித்தானியக் கொடி இறங்க அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. தளம்தான் தடை என்றால் தடை விலகியிருக்கக்கூடாது.

திருகோணமலையின் சொந்த அனுபவம் இந்த இரு வாசிப்புகளிலும் அடங்கவில்லை. 1942 ஏப்ரல் 9 விமானத் தாக்குதலில் குண்டு விழுந்தது இந்த ஊரில். குதங்களில் ஒன்று பற்றியெரிந்தது. ஊரார் உள்ளூர்களுக்குக் கலைந்தனர். பின்பு கிழக்குக் கப்பற்படை திரும்பிவந்தபோது வேலையும் வந்தது. டொக்யார்ட்டின் சம்பளத்தில் கடைத்தெருவும் குடும்பங்களும் நடந்தன. இந்தத் தொழிலாளர் நகரம் இடதுசாரிகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1947இல் தமிழ்க் காங்கிரஸின் எஸ். சிவபாலன் வென்றார். 1952இல் தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்த இரண்டே இடங்களில் ஒன்று திருகோணமலை. அதை வென்ற என். ஆர். இராஜவரோதயம் 1956இலும் தக்கவைத்தார். தளம் ஏகாதிபத்தியத்தின் கோட்டை என்று கொழும்பு மேடை சொன்னபோது, தளத்தில் கூலி வாங்கியவரின் முதற்கவலை நிலமும் மொழியும் குடியேற்றமும் ஆயின. சமசமாசக் கட்சி 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தது. அதற்குரிய நன்மதிப்பு தமிழர் மத்தியில் அதற்கு இருந்தது. ஆனால் கட்சியிலிருந்து பிரிந்த பிலிப் குணவர்தன மொழிச் சட்டம் கொண்டுவந்த அமைச்சரவையில் விவசாய, உணவு அமைச்சர்.

1956-57இன் நாட்களை அடுக்கிப் பார்த்தால் இந்த முரண் தெளிவாகும். 1956 ஜூன் 5 அன்று மொழிச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதையடுத்து லண்டனில் பொதுநலவாய மாநாட்டின்போது பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பிக் கேட்டார். ஓகஸ்ட் 19 அன்று அதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டி உள்ளிட்ட நான்கு கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1957 ஜூன் 7 அன்று தளங்களைப் பற்றிய கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஜூலை 26 அன்று தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம். ஒக்டோபர் 15 அன்று திருகோணமலைத் தளம் கைமாறியது. நவம்பர் 1 அன்று கட்டுநாயக்கா. ஒரே நகரம், இரண்டு விடுதலைக் கோரிக்கைகள். ஒன்றை மற்றது கண்டுகொள்ளவில்லை. அசையாச் சொத்துக்காக இலங்கை சுமார் 22 மில்லியன் ரூபாயைத் தவணை முறையில் செலுத்த ஒப்புக்கொண்டது. சில வசதிகளைக் குறித்த காலத்துக்குப் பிரித்தானியா வைத்துக்கொண்டது.

பிரித்தானியா இவ்வளவு எளிதில் இணங்கியதை ஜெனிங்ஸின் வெற்றியாகக் கொள்வது தவறு. சூயெஸ் தோல்வி 1956இன் கடைசியில். படைச்செலவைக் குறைக்கும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் டன்கன் சாண்டிஸின் வெள்ளை அறிக்கை 1957 ஏப்ரலில். மாலைதீவின் கான் தீவில் மாற்று விமானத்தளம் அமைப்பதும் அக்காலத்தில்தான். இலங்கை கேட்ட நேரத்தில் பிரித்தானியாவுக்கே தளம் பாரமாகிவந்தது. 1948இலோ 1951இலோ கேட்டிருந்தால் இதே இணக்கம் கிடைத்திருக்குமா என்பதை 1957இன் நிகழ்வு சொல்லாது. உடன்படிக்கையின் பலம் சோதிக்கப்பட்டதே இல்லை என்பதே பொருத்தமான முடிவு.

தளம் மூடியதில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் ஏறத்தாழ நானூறு என்று பதிவுகள் சொல்கின்றன. இது ஆட்கணக்கா குடும்பக் கணக்கா என்பதில் அவை ஒத்துப்போவதில்லை. அவர்களைக் குடியமர்த்த அரசாங்கம் எண்ணிய இடத்தைச் சில பதவியா என்கின்றன, சில பொலன்னறுவை மாவட்டம் என்கின்றன. முடிவெடுத்த நாளும் நிச்சயமாகத் தெரியவில்லை. 1957இன் கடைசிக்கும் 1958 வசந்தத்துக்கும் இடையில் வைக்கலாம். அப்பகுதிகளில் சிங்களக் குடியேற்றவாசிகளிடையே இதற்கு எழுந்த எதிர்ப்பு, 1958 மே மாத வன்முறைக்கு முன்னோடியான நிகழ்வுகளில் ஒன்றாகப் பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சியின் ‘அவசரகாலம் 58’ நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முந்திய ஏப்ரலில் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டிருந்தது. தளம் மீண்ட வரலாற்றை எழுதியவர்கள் இத்தொழிலாளரை இனக்கலவரத்தின் அத்தியாயத்தில் சேர்த்தார்கள். கலவர வரலாற்றை எழுதியவர்கள் தளத்தைப் பின்னணியாகக் கடந்துபோனார்கள். 1947இல் கப்பலையும் நாணயத்தையும் தோட்டத்தையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கிய வாதம், கப்பல் போனபோது டொக்யார்ட் கூலியாளுக்கென ஒரு திட்டத்தை முன்வைக்கவில்லை. ஸ்டேர்லிங் பிணைப்பும் கம்பனித் தோட்டங்களும் அன்று அப்படியே இருந்தன. தோட்டங்கள் அரசுடைமையாக 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.