51 பெகாசி: சூரியனை ஒத்த விண்மீனும் அதன் கோளும்

51 பெகாசி என்பது பெகாசஸ் விண்மீன் குழாமில் உள்ள, சூரியனை ஒத்த ஒரு விண்மீன் ஆகும். புவியிலிருந்து இதன் தொலைவு ஏறத்தாழ 50 ஒளியாண்டுகள். நிறையில் சூரியனைவிடச் சற்றே மிகுந்தது. பூரட்டாதி என்று நாம் அழைக்கும் இரண்டு பொலிவான விண்மீன்களுக்கு இடையே, சற்று மேற்கே தள்ளி இது அமைந்துள்ளது. இதன் தோற்றப் பொலிவெண் 5.5. எனவே நகர வெளிச்சம் இல்லாத இருண்ட வானில் மட்டுமே வெறுங்கண்ணுக்கு மங்கலாகப் புலப்படும்.

பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லாத இந்த விண்மீன், 1995ஆம் ஆண்டு வானியல் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைக் கோள் ஒன்று சுற்றி வருவது முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது இங்குதான்.

பொய்த்துப்போன அறிவிப்புகள்

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் இருக்க வேண்டும் என்ற கருத்து மிகப் பழையது. ஆனால் விண்மீனின் ஒளி வெள்ளத்தில் கோளின் மங்கலான ஒளி மறைந்துவிடுவதால், அதை நேரடியாகக் காண்பது மிக அரிது. எனவே கோளின் ஈர்ப்பால் விண்மீனில் ஏற்படும் சிறு அசைவைக் கண்டறிய வானியலாளர்கள் முயன்றனர்.

இம்முயற்சியின் தொடக்க கால அறிவிப்புகளுள் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத்தில் இயக்குநராக இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஓபியுச்சி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் முரண்பாடு இருப்பதாகவும், அதற்குக் கோள் ஒன்று காரணமாக இருக்கலாம் என்றும் 1855இல் எழுதினார். அது பின்னர் நிலைபெறவில்லை. 1963இல் பீட்டர் வான் டி காம்ப், பர்னார்டு விண்மீனுக்கு வியாழனை ஒத்த கோள் இருப்பதாக அறிவித்தார். பத்தாண்டுகளுக்குப் பின், வேறு தொலைநோக்கிகளின் ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்தவர்களுக்கு அத்தகைய அசைவு எதுவும் தென்படவில்லை. 1991இல் ஒரு துடிவிண்மீனுக்குக் கோள் இருப்பதாகச் சொன்ன ஆண்ட்ரூ லைன், புவியின் இயக்கத்தைச் சரியாகக் கழிக்காததால் வந்த பிழை அது என்று கண்டு, அடுத்த ஆண்டே தம் அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றார்.

அதே 1992இல் அலெக்சாண்டர் வோல்சான், டேல் ஃப்ரெய்ல் ஆகியோர் வேறொரு துடிவிண்மீனைச் சுற்றும் கோள்களைக் கண்டறிந்தனர். இக்கண்டுபிடிப்பு நிலைத்தது. ஆயினும் துடிவிண்மீன் என்பது வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம். சூரியனைப் போன்ற விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டா என்ற கேள்வி விடையின்றியே இருந்தது.

ஒளியை அளக்கும் முறை

விண்மீனும் கோளும் ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. இதனால் விண்மீன் நம்மை நோக்கிச் சற்று வரும். பின்னர் விலகிச் செல்லும். நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீல நிறத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பு நிறத்தின் பக்கமும் நகரும். இது டாப்ளர் விளைவு எனப்படும். இந்த நகர்வு மிகச் சிறியது. வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் மட்டுமே. ஒரு சுற்று முடிய 12 ஆண்டுகள் ஆகும்.

வியாழனை ஒத்த கோள்கள் தம் விண்மீனுக்கு மிக அருகிலும் இருக்கலாம், இருந்தால் இம்முறையில் எளிதில் கண்டறியலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவே 1952இலேயே எழுதியிருந்தார். ஆனால் அக்கருத்து பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பெருங்கோள்கள் விண்மீனுக்குத் தொலைவில்தான் உருவாகும் என்பது அன்றைய பொதுக் கருத்து. எனவே ஆய்வாளர்கள் பல ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட கோள்களையே தேடினர். கனடாவின் புரூஸ் கேம்பல், கார்டன் வாக்கர் குழு 21 விண்மீன்களை 12 ஆண்டுகள் அளந்தது. உறுதியாகச் சொல்லத்தக்க கோள் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

கண்டுபிடிப்பு

ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் அவருடைய முனைவர் பட்ட மாணவர் டிடியே கெலோவும் 1994இல் 142 விண்மீன்களை ஆராயத் தொடங்கினர். தென் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் உள்ள 1.93 மீட்டர் தொலைநோக்கியுடன் எலோடி என்னும் புதிய நிறமாலைமானியை இணைத்துப் பயன்படுத்தினர். விண்மீனின் வேகத்தை அந்த இரவிலேயே கணக்கிட்டுத் தருவது எலோடியின் சிறப்பு.

51 பெகாசியின் வேகம் அளவுக்கு அளவு மாறுவதைக் கெலோ கண்டார். கருவியில்தான் பிழை என்று முதலில் எண்ணினார். மீண்டும் மீண்டும் அளந்தபோது, அம்மாற்றம் 4.23 நாள்களுக்கு ஒருமுறை ஒழுங்காகத் திரும்ப வருவது தெரிந்தது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் ஏறி இறங்கியது. கணக்குப்படி, வியாழனின் நிறையில் குறைந்தது பாதியளவு கொண்ட கோள் ஒன்று, விண்மீனிலிருந்து சுமார் 80 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சுற்ற வேண்டும். சூரியனிலிருந்து புதனின் தொலைவோ சுமார் 5.8 கோடி கிலோமீட்டர்.

இது அன்றைய கோட்பாடுகளுக்கு முற்றிலும் முரணானது. முந்தைய அறிவிப்புகளின் கதியை அறிந்திருந்த இருவரும் உடனே எதையும் வெளியிடவில்லை. அவ்விண்மீன் சில மாதங்கள் சூரியனின் பக்கம் மறைந்திருந்தது. மீண்டும் தோன்றும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டு, 1995 ஜூலையில் அளந்தனர். கணக்கும் அளவும் பொருந்தின. அக்டோபர் 6 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் மேயர் கண்டுபிடிப்பை அறிவித்தார். நவம்பரில் நேச்சர் இதழ் கட்டுரையை வெளியிட்டது.

ஐயமும் உறுதியும்

சில நாள்களிலேயே அமெரிக்காவின் ஜெஃப் மார்சி, பால் பட்லர் ஆகியோர் லிக் வானாய்வகத்திலிருந்து இதனை உறுதிப்படுத்தினர். அவர்கள் 1987 முதலே விண்மீன்களை அளந்து வந்தவர்கள். ஆனால் நீண்ட சுற்றுக்காலத்தை எதிர்பார்த்ததால், சேர்த்த தரவுகளில் பெரும்பகுதியை அதுவரை கணக்கிடாமல் வைத்திருந்தனர். இப்போது அவற்றை ஆராய்ந்து, 1996 ஜனவரியில் மேலும் இரு கோள்களை அறிவித்தனர்.

எனினும் ஐயம் முற்றிலும் தீரவில்லை. கோளே இல்லை, விண்மீனின் மேற்பரப்புத் துடிப்பே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று 1997இல் டேவிட் கிரே வாதிட்டார். பின்னர் தாமே மேலும் துல்லியமாக அளந்தபோது அத்துடிப்பு இல்லை எனக் கண்டு, 1998இல் தம் வாதத்தைக் கைவிட்டார். 1999இல் வேறொரு சூரிய ஒத்த விண்மீனின் முன் அதன் நெருங்கிய கோள் கடந்து செல்வதும், அப்போது விண்மீனின் ஒளி குறைவதும் பதிவாயின. இத்தகைய கோள்கள் உண்மையிலேயே உள்ளன என்பதற்கு அது தனிச் சான்றாயிற்று.

விளைவுகள்

51 பெகாசியின் கோள் ‘வெப்ப வியாழன்’ என்னும் புதிய கோள் வகையின் முதல் எடுத்துக்காட்டாயிற்று. அவ்வளவு அருகில் இத்தகைய பெருங்கோள் உருவாவது கடினம். எனவே அது தொலைவில் தோன்றி, விண்மீனைச் சூழ்ந்த வாயுத் தட்டோடு இடைவினை புரிந்து உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்ற விளக்கம் வலுப்பெற்றது. கோள்கள் தோன்றிய இடத்திலேயே நிலைத்திருக்கும் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. நம் சூரியக் குடும்பத்தின் அமைப்பே எல்லா விண்மீன்களுக்கும் பொது விதி என்ற கருத்தும் அதனுடன் தளர்ந்தது.

1999இல் அப்சிலான் ஆந்திரோமீடா என்னும் விண்மீனுக்கு மூன்று கோள்கள் இருப்பது தெரியவந்தது. 2022இல் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 5,000ஐக் கடந்தது. 51 பெகாசியின் கோளுக்கு 2015இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ‘டிமிடியம்’ என்று பெயரிட்டது. வியாழனின் நிறையில் பாதி என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. மேயரும் கெலோவும் 2019ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர். மற்றொரு பாதி அண்டவியல் ஆய்வுக்காக ஜேம்ஸ் பீபிள்சுக்கு வழங்கப்பட்டது.