களியும் குழம்பும்: கசிவுத் தடுப்புச் சுவரின் சொல் வரலாறு

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கராடி. தக்காணத்தின் பெரும்பகுதியைப் போன்றே இப்பகுதியும் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான கரிய மண்ணை உடையது. இம்மண் மழையில் பருக்கும், கோடையில் வெடிக்கும். தமிழர் இதனைக் கரிசல் என்பர். ஆங்கில மண்ணியல் நூல்களில் வழங்கும் 'ரெகூர்' என்னும் சொல் தெலுங்கின் 'ரேகடி' என்பதிலிருந்து பிறந்தது. இம்மண் பருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மாண்ட்மோரில்லனைட் வகைக் கனிமம். பிரான்சின் மாண்ட்மோரில்லன் என்னும் ஊரால் அதற்கு 1847இல் இப்பெயர் வந்தது. வீடு கட்டுவோர்க்கு இடர் தரும் அப்பண்பே நிலத்தடியில் நீரைத் தடுப்போர்க்குத் துணையாயிற்று. அத்துணையைப் பயன்கொண்ட வரலாற்றில் களிமண் எய்திய மூன்று நிலைகளையும், அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதல் நிலை பிசைந்த களி. கல்லணையைப் பார்வையிட்ட 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர், அதன் உட்பகுதி களிமண்ணில் பதித்த கரடுமுரடான கற்களால் ஆனது எனக் குறித்துள்ளனர். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் கால்வாய்களை அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி, நீர்விட்டு மிதித்துப் பிசைந்த களியைக் கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் படியவைத்துக் கசிவைத் தடுத்தார். அதற்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் 'பட்ல்' என்பது. அகராதியை மட்டும் நம்புவோர் இதனைக் குட்டை என்று பெயர்த்துவிடுவர். கேழ்வரகுக் களி, திருவாதிரைக் களி என வழங்கும் தமிழிலோ, களி என்னும் சொல்லே கிண்டிக் கெட்டிப்படுத்திய பதத்தைக் காட்டுகிறது. ஆகவே 'பிசைகளி' என்பது பொருந்தும்.

இரண்டாம் நிலை சுட்ட களி. பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்து பயன்பட்டது. சுர்க்கியாவது செங்கற்பொடி. சிவப்பு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்று வந்தது அப்பெயர். சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரிலும் இறுகும் தன்மையைத் தருகிறது. பிசைகளியில் நீரைத் தடுக்கும் பொருளாக நின்ற மண், இங்குப் பிணைக்கும் பொருளின் கூறாக மாறிவிடுகிறது. இதனையும் 'களிமண் கலவை' என்று பெயர்ப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

மூன்றாம் நிலை நீரில் கரைத்த களி. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த ஒருவகைக் களிமண், பென்டன் என்னும் பாறைப் படிவின் பெயரால் 1898இல் பென்டோனைட் எனப்பட்டது. மாண்ட்மோரில்லனைட்டே அதன் முதன்மைக் கனிமம். இந்தியாவில் கட்ச், பார்மர் பகுதிகளில் இது வெட்டி எடுக்கப்படுகிறது. நீரின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு பென்டோனைட் கலந்த நீர்மம், கலக்கினால் ஓடும். அசையாது விட்டால் கூழாக உறையும். ஆழமான அகழியை இந்நீர்மத்தால் நிரப்பி, பக்கங்கள் சரியாமல் காத்துத் தோண்டும் முறை 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் உருவாயிற்று. பாறைக்குழம்பு என்னும் ஆட்சி தமிழில் முன்பே நிலைபெற்றிருத்தலின், இதனைக் 'களிக்குழம்பு' எனலாம்.

ஆயின் இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஒரு முறையில் குழம்பு அகழியைத் தாங்கி நிற்கும். பின்னர்க் கற்காரை அடியிலிருந்து ஏற ஏற, அது மேலே வெளியேற்றப்படும். மற்றொரு முறையில் சிமென்ட் சேர்ந்த குழம்பே அகழியில் உறைந்து சுவராகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் பெயர் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் முன்னதைத் 'தாங்குகுழம்பு' என்றும் பின்னதை 'உறைகுழம்பு' என்றும் பிரித்துரைத்தல் வேண்டும். பிரிக்காவிடின், வெளியேற்ற வேண்டியதை விட்டுவைக்கவும் விட்டுவைக்க வேண்டியதை வெளியேற்றவும் அக்குறிப்பு வழிகாட்டிவிடும்.

'பிளாஸ்டிக் கான்கிரீட்' என்னும் தொடரும் இத்தகையதே. சிமென்டுடன் பென்டோனைட் சேர்த்த கற்காரை இது. சுற்றியுள்ள நிலம் சிறிது தாழ்ந்தாலும் பிளவுபடாமல் அதனோடு இணங்கிச் செல்லும் பொருட்டே களி சேர்க்கப்படுகிறது. 'நெகிழிக் கற்காரை' என்று பெயர்ப்பின், படிப்போர் பைகளும் குழாய்களும் செய்யும் செயற்கைப் பொருளையே நினைப்பர். நெகிழ் என்னும் வேர் பிழையன்று. நெகிழி என்னும் ஆக்கம் ஒரு பொருளுக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. 'நெகிழ்வுக் கற்காரை' எனின் வேரின் பொருள் மீளும்.

கலைச்சொல் ஆக்கத்தில் மூலச் சொல்லை நோக்குவதோடு, பொருள் செய்யும் தொழிலையும் நோக்குதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. மிதித்தது, சுட்டது, கரைத்தது என மண் ஒன்றே, செயல் வேறு. செயலை ஒட்டிச் சொல்லும் வேறுபடின், மண்ணுக்கடியில் கண்ணுக்குப் புலப்படாது நிற்கும் சுவரும் பிழையின்றி அமையும்.