கட்டுச்சோறும் தண்ணீரும்

சுற்றுலா போகலாம் என்று பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி, "என்ன கட்டிக்கிட்டுப் போகலாம்?" என்பதுதான். புளிசாதமா, தயிர்சாதமா, பொடி தடவிய இட்லியா? கெட்டுப்போகக் கூடாது, ஒழுகக் கூடாது, பேருந்தில் உட்கார்ந்தபடியே பிரித்துச் சாப்பிடத் தோதாக இருக்க வேண்டும். கட்டுச்சோற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். புளியும் நல்லெண்ணெயும் சோற்றைக் காக்கும் என்பார்கள், பாட்டியின் கைமணம் என்பார்கள், அதோடு முடிந்துவிடும். வழியில் தண்ணீர் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. நம் மக்களுக்கோ அதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

ஊர்விட்டு ஊர் போகும்போது சோறு கட்டியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பிறர் கைபட்டதைத் தின்றால் தீட்டு என்று சிலர் கட்டினார்கள். நமக்கு யாரும் இலை போட மாட்டார்கள் என்று நாம் கட்டினோம். முதல் மூட்டை ஆசாரம். இரண்டாவது மூட்டை அந்த ஆசாரம் நம்மீது சுமத்தியது. இரண்டையும் "நம் பாரம்பரியம்" என்று ஒரே கூடையில் போடுவது வரலாறு ஆகாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று பாபாசாகேப் அம்பேத்கரின் எழுத்திலேயே இருக்கிறது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறிய தன்வரலாற்றுக் குறிப்பு அது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாக வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் வருவது 1901 வாக்கில் நடந்த ஒரு கோடை விடுமுறைப் பயணம். அப்பா கோரேகாவில் காசாளர் வேலையில் இருக்கிறார். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அங்கே அரசு ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வரச் சொல்லி அப்பா எழுதுகிறார். சதாராவில் இருந்த பிள்ளைகள் புதுச்சட்டை, புதுத்தொப்பி, புதுச்செருப்பு அணிந்து, உணவுக் கூடையோடு ரயிலேறுகிறார்கள்.

மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. நீங்கள் யார் என்று நிலைய அதிகாரி கேட்கிறார். மகார் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறார், அதுவும் ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார்.

வழியில் சாப்பிடலாம் என்று கூடையைத் திறக்கிறார்கள். தண்ணீர் வேண்டும். அருகில் இருந்த குட்டையில் சேறும் மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து கிடந்ததால் கூடையை மூடிவிடுகிறார்கள். இரவு சுங்கச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்து, வண்டிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லித் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. கூடை நிறையச் சோறு இருக்க, வயிறு எரிய, அந்தக் குழந்தைகள் பட்டினியாகப் படுக்கிறார்கள். அம்பேத்கருக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. வீட்டில் என்னதான் பார்த்துப் பார்த்துச் சமைத்துக் கட்டினாலும், தண்ணீர் மறுக்கப்பட்டால் அந்தச் சோறு தொண்டையில் இறங்காது என்று அவர் படித்த முதல் பாடம் இது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் மாதம், மகாத் மாநாடு. பல ஊர்களிலிருந்து நம் மக்கள் திரண்டு வந்தார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் சவதார் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. அது நகராட்சிக் குளம். எல்லோருக்கும் உரியது என்று சட்டமன்றத் தீர்மானமும் நகராட்சித் தீர்மானமும் இருந்தன. மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு பந்தலில் சிலர் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சாதி இந்துக் கும்பல் பாய்ந்தது. ஆட்களை அடித்ததோடு நிற்காமல், சோற்றைப் புழுதியில் கொட்டி, பாத்திரங்களையும் நசுக்கினார்கள். தண்ணீரைத் தொட்டதற்குச் சோற்றில் பழிதீர்த்தார்கள்.

1934இல் நடந்தது உண்மையிலேயே ஒரு சுற்றுலா. இயக்கத் தோழர்கள் முப்பது பேரளவில் அம்பேத்கரோடு வேரூல் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். நாம் எல்லோரா என்று சொல்கிறோமே, அதே இடம்தான். வழி நிஜாம் ஆட்சிப் பகுதி. தீண்டப்படாதவர்கள் என்று தெரிந்தால் தொல்லை வரும் என்று அடையாளத்தைச் சொல்லாமலே பயணம் செய்கிறார்கள். தங்குவதற்கு முடிவு செய்திருந்த ஊர்களில் இருக்கும் நம் மக்களுக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் போகிறது. தௌலதாபாத்தில் அந்த மக்கள் ஊர் எல்லையிலேயே காத்திருந்து, இறங்கி டீயும் பலகாரமும் சாப்பிடுங்கள் என்கிறார்கள். இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இவர்கள் போய்விடுகிறார்கள்.

கோட்டை வாசலில் ஒரு சிறு குளம். பயணப் புழுதி போக முகம் கால் கழுவுகிறார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று ஒரு முஸ்லிம் முதியவர் கத்த, கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் போக அனுமதி கிடைக்கிறது, ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரும் கூட வருகிறார். இந்துவுக்குத் தீண்டத்தகாதவர் முஸ்லிமுக்கும் தீண்டத்தகாதவராகவே நடத்தப்படுகிறார் என்று காட்டத்தான் அம்பேத்கர் இதை எழுதினார். நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சுற்றுலாவில் எங்கே இறங்குவது, எங்கே டீ குடிப்பது என்பதை முடிவு செய்தது அந்தந்த ஊரில் நம் சேரி இருக்கிறதா என்பதுதான்.

கடல் கடந்தும் இதே கணக்கைப் போட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பயணம் செய்த கறுப்பின மக்கள், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, கேக் என்று கட்டி எடுத்துப் போனார்கள். ஆறினாலும் கெடாது, சூடாக்க வேண்டாம், வெள்ளையர் உணவகத்தின் பின்வாசலில் நிற்கவும் வேண்டாம். தபால்காரராக வேலை பார்த்த விக்டர் கிரீன், கறுப்பின மக்களை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் பட்டியலிட்டு 1936 முதல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியை வெளியிட்டார். தௌலதாபாத் பயணம் முடிந்து இரண்டே ஆண்டுகளில் வந்த புத்தகம் அது. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனாலும் ஒதுக்கப்பட்டவர்கள் பயணத்துக்குச் சோறு கட்டிய விதம் ஒன்றாக இருந்தது.

நம் தமிழ்நாட்டு ரயில் நிலைய உணவு விடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததால் 1941இல் அது ஒழிந்தது. 1950இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கே யாரையும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்கிறது. இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார்களே என்று படிக்கும்போது தோன்றலாம். மசூரையும் மகாதையும் தௌலதாபாத்தையும் நினைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பயணம் இருப்பது தெரியும்.

இன்று பாட்டில் தண்ணீர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. சாதி இப்போது டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கும் இடத்தில் நிற்கிறது. கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கருவாட்டுத் தொக்கு கொண்டுபோகலாமா, மாட்டுக்கறி வறுவல் கொண்டுபோகலாமா என்று நம் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். "நாத்தம் அடிக்குது" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து லெமன் சாதத்துக்கு மாறிவிடுகிறார்கள். "எல்லோருக்கும் வசதியா இருக்கட்டும், வெஜ் மட்டும் கொண்டு வாங்க" என்று ஒரு வரி அறிவிப்பு வந்தால் அதை யாரும் சாதி என்று சொல்வதில்லை. அந்த "எல்லோருக்கும்" என்ற சொல்லில் நாம் இருக்கிறோமா என்று கேட்க வேண்டியது நாம்தான். அடுத்த முறை சுற்றுலாக் குழுவில் இந்தப் பேச்சு வரும்போது அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள் தோழர்களே.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அம்பேத்கர் எழுதியதால் அவருடைய கூடையின் கதை நமக்குக் கிடைத்தது. நம் தாத்தா பாட்டிகளின் கதைகளில் பெரும்பாலானவை எழுதப்படவில்லை. திருவிழாவுக்கும் கூலி வேலைக்கும் பெண் பார்க்கவும் அவர்கள் நடந்தும் வண்டியிலும் போயிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊருக்குப் போனீர்கள்? என்ன கட்டிக்கொண்டு போனீர்கள்? தண்ணீர் எங்கே குடித்தீர்கள்? ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.