பினாங்குக் காடு

போன தை மாதம் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "தம்பி, பினாங்குக் காட்டக் குடுத்துடலாம்னு இருக்கோம். பேரப்புள்ளைங்க கையெழுத்தும் வேணும்ங்கறான் வாங்கறவன். ஒருநா லீவு போட்டு வந்துட்டுப் போ" என்றார். சித்தப்பா மகன் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறான். ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த விற்பனை.

எங்கள் ஊர் பூலாம்பாடி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம், பச்சைமலை அடிவாரம். பக்கத்து ஊர் அரும்பாவூரை மரச்சிற்பத்துக்காக வெளியே தெரியும். 2020-ல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் 'குட்டி சிங்கப்பூர்' என்பார்கள். தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், அல்லது இருந்துவிட்டு வந்திருப்பார்கள். பினாங்குக் காடு என்பது ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும், இப்போது மக்காச்சோளம். தாத்தா பினாங்கிலிருந்து வந்த காசில் வாங்கியதால் அந்தப் பெயர். உண்மையில் தாத்தா பினாங்கில் வேலை பார்த்ததே இல்லை. பினாங்கு கப்பல் நிற்கிற துறைமுகம், அவ்வளவுதான். ஊரில் கடலுக்கு அந்தப்பக்கம் எல்லாமே பினாங்கு.

எங்கள் வட்டாரத்து வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான். சாத்தனூரில் கிடக்கும் கல்மரம், வாலிகண்டபுரத்து வாலீஸ்வரர் கோயில், 1751-ல் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிய ரஞ்சன்குடிக் கோட்டை. பிறகு கிழக்கே அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம். எல்லாம் கல்லில் இருக்கும் வரலாறு. பூலாம்பாடியின் வரலாறு கல்லில் இல்லை. அது பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. கையெழுத்துப் போடப் போன அன்று எங்கள் வீட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னேன். காலியான ஒரு கோடாலித் தைலம் பாட்டில், ஒரு கைலி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கடித உறைகள்.

முதலில் போனவர் தாத்தா இல்லை, தாத்தாவின் அப்பா. 1937-ல், கங்காணி மூலமாக. அப்போது தாத்தாவுக்கு ஏழு வயசு.

கங்காணி என்றால் இன்றைய ஏஜெண்டு என்று நினைத்துவிடக் கூடாது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதற்குள் கார் டயருக்காக உலகமே ரப்பர் கேட்கத் தொடங்கியிருந்தது. தோட்டத் துரைகளுக்கு ஆள் வேண்டும். தோட்டத்திலேயே வேலை பார்க்கிற ஒருவரிடம் உரிமம் கொடுத்து, 'உன் ஊருக்குப் போய் உன் சாதிசனத்தைக் கூட்டிக்கொண்டு வா' என்று அனுப்பினார்கள். அவர்தான் கங்காணி. கப்பல் கட்டணம் ஆளிடம் வாங்குவதில்லை. 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஏற்படுத்திய குடியேற்ற நிதி அதைக் கட்டும். கூட்டிவந்த ஆள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே கூட்டிப்போவதோடு அவர் வேலை முடியாது. ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பாடு. மாமன், மச்சான், பங்காளி என்ற உறவே பூட்டாகவும் இருந்தது.

எங்கள் பக்கம் ஆள் கிடைத்ததற்குக் காரணம் மண்தான். அன்று இது திருச்சிராப்பள்ளி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1995-ல். அதே ஜில்லாவில் காவிரி ஓடியது, ஆனால் கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த எங்களுக்கு அதில் ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. மழை, ஏரி, கிணறு. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தால் கங்காணியின் பேச்சு இனிக்கத் தொடங்கும்.

1938 ஜூனில் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. கூலியைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். தாத்தாவின் அப்பா தடைக்கு முந்தைய வருஷமே போய்விட்டார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கினான். அதோடு கப்பல் நின்றது, கடிதம் நின்றது, பணம் நின்றது. 1945 செப்டம்பர் வரை, மூணே முக்கால் வருஷம், பூலாம்பாடியில் யாருக்கும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது.

சண்டை முடிந்து முதலில் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் சொன்னதுதான் எங்களுக்கு வந்த ஒரே தகவல்: "உங்க அய்யாவ சயாமுக்கு ஏத்திட்டுப் போனாங்க." சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர், 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் காட்டை வெட்டிப் போட்டது. வேலையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன, வரிசை வரிசையாக, பெயரோடு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த தமிழ், மலாய், பர்மிய, ஜாவானியக் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. எங்கள் வீட்டில் திதி கொடுப்பது ஆடி அமாவாசைக்கு. நாள் தெரியாதவர்களுக்கு அன்றுதான்.

1949-ல், பத்தொன்பது வயசில், தாத்தா கிளம்பினார். 'சம்பாதிக்க' என்று அப்பா சொல்வார். அப்பாயி சொல்வது வேறு. "அப்பனத் தேடித்தான் போனாரு. போன எடத்துல வேல கெடச்சுது, இருந்துட்டாரு."

போனது ரஜூலா கப்பலில். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். தாத்தா அதுவரை ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. "படகுலயே பாதி உசுரு போயிடுச்சு. மீதி உசுர வெச்சுத்தான் அங்க இருந்தேன்" என்பார்.

அதே தோட்டம், அதே லயம். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு நிற்பது, பால்மரம் வெட்டுவது, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் எடுப்பது, ஒட்டுப்பால் பொறுக்குவது. ஊருக்குத் திரும்பி முப்பது வருஷம் ஆன பிறகும் அவர் ரப்பரைக் 'கித்தா' என்றுதான் சொன்னார். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது, "டேய், பெரட்டுக்கு நேரமாச்சு!"

1956-ல் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தார். 1958-ல் அப்பா பிறந்தார். அந்த வருஷக் கடைசியில் தாத்தா திரும்பிப் போனார். இந்த இரண்டு வருஷ இடைவெளியில்தான் எங்கள் குடும்பத்தின் போக்கு தீர்மானமானது. அது அன்று யாருக்கும் தெரியாது.

1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயா சுதந்திரம் பெற்றது. அங்கே பிறக்காதவர்களும் சில வருஷம் குடியிருந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு கிடையாது. அந்த ஒரு வருஷமும் தாத்தா பூலாம்பாடியில் இருந்தார். மாப்பிள்ளையாக, பிறகு தகப்பனாக. திரும்பிப் போனபோது வாய்ப்பு முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் தேர்வு எழுதி வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "நமக்குத்தான் ஊரு இருக்குல்ல" என்றாராம் தாத்தா. நீல அட்டை குடிமக்களுக்கு, சிவப்பு அட்டை மற்றவர்களுக்கு. இவர் 'செவப்பு கார்டு'.

1969 மே 13 அன்று கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அது பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையில் நடந்தது. ஆனால் அதன் பின்விளைவு தோட்டத்துத் தமிழர்கள் தலையில் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற 1968-ஆம் வருஷத்துச் சட்டம் கறாராக அமலுக்கு வந்தது. இருபது, முப்பது வருஷம் அதே மரங்களை வெட்டியவர்கள் மூட்டை கட்டினார்கள். 1970-ல் தாத்தாவும் அதே ரஜூலாவில் ஏறினார். கையில் சேமநிதிப் பணம். அடுத்த வருஷம் அதைப் போட்டு அந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினார். 1973-ல் கப்பல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, 1974-ல் பம்பாயில் உடைக்கப்பட்டது.

வந்து இறங்கியவரை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு வயசுப் பையன். "வா மாமா" என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பாயி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். தாத்தா அதைக் கேட்டு ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்பில் எங்களைக் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிப்போனார்கள். கோயிலுக்கு வெளியே நிறுத்தி, ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரம் வென்ற கதையை வாத்தியார் சொன்னார். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன்: "தாத்தா, நீங்க கப்பல்ல போனீங்களே, கடாரம் பாத்துருக்கீங்களா?" "அதெல்லாம் ராசா போன ஊருடா. நாங்க போனது தோட்டத்துக்கு" என்றார். 2004-ல் அவர் காலமானார்.

அந்தப் பெட்டியிலிருந்த கடித உறைகளை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர் முகவரியில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே, யாரோ கிராணி எழுதிக்கொடுத்த அழகான கையெழுத்தில், 'சுங்கைப்பட்டாணி, கெடா' என்று இருந்தது.

கெடாதான் கடாரம். சுங்கைப்பட்டாணியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. இந்தியப் பாணிக் கோயில்களின் அடித்தளங்கள் தோண்டியெடுக்கப்பட்ட இடம். அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலை அலஸ்டேர் லாம்ப் மீட்டெடுத்துக் கட்டியது 1960-ஐ ஒட்டிய வருஷங்களில். அப்போது தாத்தா பக்கத்தில்தான் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கடாரத்தில் ஏறக்குறைய இருபது வருஷம் வாழ்ந்தவர் கடாரத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். அரசனின் படையெடுப்பு மெய்க்கீர்த்தியில் நின்றுவிட்டது. அதே வழியில் போன எங்கள் ஆட்களுக்கு உறையின் மூலையில் ஒரு முகவரி.

மறுநாள் பத்திரம் எழுதுபவரிடம் போனோம். நிலம் எப்படி வந்தது என்ற இடத்தில், 'தகப்பனார் தமது சுய சம்பாத்தியத்தில் 1971-ல் கிரயம் பெற்று' என்று வாசித்தார். சுய சம்பாத்தியம் என்பதால் பேரன்கள் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லையாம், வாங்குபவரின் பயத்துக்காகத்தான் என்றார்.

"அண்ணே, 'மலாயா நாட்டில் பால்மரம் வெட்டிச் சம்பாதித்து'ன்னு ஒரு வரி சேக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "அதெல்லாம் பத்திரத்துல வராது தம்பி."

அப்பா ஒன்றும் பேசவில்லை. தம்பி போனில் யாரிடமோ மெடிக்கல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தான். விற்காதே என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் போகிறவனை யாரும் தடுத்ததில்லை. தடுத்துவிட்டு அவனுக்கு வேறென்ன காட்ட முடியும்? ஒன்று மட்டும் சொன்னேன். "டேய், அங்க என்ன கார்டு குடுத்தாலும் அதுல என்ன போட்டுருக்குன்னு நல்லாப் படிச்சுக்க." அவன் சிரித்தான். நான் நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.