"பேப்பர் இருக்கா?" - நாட்டு நாய் உலகத்தின் ஓயாத பதிவுச் சண்டை

ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே இறங்கினால் செங்கம் வட்டாரம். நடுகற்களுக்குப் பேர்போன பூமி. அந்தப் பக்கத்து எடுத்தனூரில் இருக்கும் ஒரு நடுகல் ரொம்பவே ஸ்பெஷல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டில், அதாவது 7-ம் நூற்றாண்டில் நட்ட கல் அது. எருமைகளைக் காக்கப்போய் உயிரைவிட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக வைத்தது. கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். கள்ளர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது.

நாயின் பெயர் இருக்கு. செய்த வேலை இருக்கு. யாரோட நாய் என்பதும் இருக்கு. ஆனால், என்ன இனம், அப்பா அம்மா யார், எந்த கிளப்பில் பதிவு என்று ஒரு வரி கிடையாது!

இன்று ராஜபாளையம் குட்டி ஒன்றுக்கு விலை பேசிப் பாருங்கள். முதல் கேள்வியே "பேப்பர் இருக்கா?" என்பதுதான். இருக்கு என்றால் அடுத்த கேள்வி, "எந்த பேப்பர்?" பிரீடர்களுக்குள் சண்டை தொடங்குவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். ஒருத்தர் பேப்பரை இன்னொருத்தர் மதிக்கமாட்டார். ஒரு கிளப் தனி இனம் என்று சொல்வதை இன்னொரு கிளப் வெறும் நிற வித்தியாசம் என்று சொல்லும். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது, ஆசையாகக் குட்டி வாங்க வந்தவர்தான்.

யார் யார் பதிவு செய்றாங்க?

இந்தியாவில் அதிகம் அடிபடும் பெயர் கே.சி.ஐ எனப்படும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. ஆங்கிலேயர் காலத்தில், 1896-ல் தொடங்கியது. இப்போது சென்னையில் இருந்து இயங்குகிறது. இதற்குப் போட்டியாக இருப்பது ஐ.என்.கே.சி எனப்படும் இந்தியன் நேஷனல் கென்னல் கிளப். இரண்டுமே தனியார் அமைப்புகள். பெயரில் 'இந்தியா', 'நேஷனல்' என்றெல்லாம் இருப்பதால் அரசாங்க ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனியாக வம்சாவளிப் புத்தகம் வைத்திருக்கின்றன. டாக் ஷோவும் தனித்தனி.

அரசாங்கத்தின் பதிவேடு வேறு. ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம், காங்கேயம் மாடு, மேச்சேரி ஆடு மாதிரியான உள்நாட்டுக் கால்நடை இனங்களைப் பட்டியலிடுகிற நிறுவனம். நாய்களை இவர்கள் சில வருஷங்களுக்கு முன்புதான் சேர்க்க ஆரம்பித்தார்கள். முதலில் இடம்பிடித்தவை மூன்று: நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகாவின் முதோல். 2025-ல் இமாச்சலப் பிரதேசத்தின் கத்தி நாயும் சேர்ந்தது. (வெட்டுகிற கத்தி இல்லை. அங்கே ஆடு மேய்க்கும் சமூகத்தின் பெயர் அது.)

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கென்னல் கிளப்கள் பதிவு செய்வது தனித்தனி நாய்களை. கர்னால் நிறுவனம் பதிவு செய்வது இனத்தை. 'ராஜபாளையம் என்று ஓர் இனம் இருக்கிறது, அதன் அடையாளங்கள் இவை' என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் குட்டி அந்த இனமா என்று அவர்கள் சொல்வதே இல்லை. அதனால் இன்ஸ்டாவில் யாராவது, 'சென்ட்ரல் கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு குட்டி' என்று விளம்பரம் போட்டால், உஷார். அப்படி ஒரு குட்டி இருக்கவே முடியாது.

ஒரு நாய், ரெண்டு பேர்

இந்தச் சண்டை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு முதோல் நாயே சாட்சி. கர்நாடகாவின் பாகல்கோட் மாவட்டத்தில் இருக்கிறது முதோல். அந்தச் சமஸ்தானத்து ராஜா மாலோஜிராவ் கோர்படே, இந்த வேட்டை நாய்களைத் தேடிப்பிடித்து வளர்த்தார். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஒரு ஜோடியைப் பரிசளித்தார் என்பது அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. எல்லையைத் தாண்டி மகாராஷ்டிரா போனால் இதே நாய்க்குப் பெயர் 'காரவான்'.

கே.சி.ஐ புத்தகத்தில் இது 'காரவான் ஹவுண்ட்'. ஐ.என்.கே.சி புத்தகத்தில் 'முதோல் ஹவுண்ட்'. இந்திய அஞ்சல் துறை 2005-ல் நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது முதோல் என்றே போட்டது. கர்னாலும் முதோல் பக்கம்தான். பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். பெயரோடு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! 'முதோல்' என்று எழுதினால் ஒரு ஊருக்கு உரிமை போகுது. 'காரவான்' என்று எழுதினால் நாடோடிக் கூட்டங்களோடு ஊர் ஊராக நடந்த நாய் என்ற வரலாறு முன்னுக்கு வருது. எந்தப் பெயரைப் புத்தகத்தில் ஏற்றுகிறோமோ, அந்த ஊர் பிரீடர்களின் குட்டிக்கு மவுசு.

நம்ம ஊரில் இதே தகராறு வேறு வடிவத்தில் ஓடுது. கரிசல் காட்டு கூர்நாசி நாய்களில் சாம்பல், செவலை நிறத்தில் இருப்பதை சிப்பிப்பாறை என்கிறோம். கறுப்பு உடம்பில், முகத்திலும் காலிலும் பழுப்புத் தடவியது மாதிரி இருப்பதைக் கன்னி என்கிறோம். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள், அதனால் கன்னி என்று பேர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. ஓடுவது, உடம்பு வாகு, முயல் துரத்துவது என்று எல்லாமே கிட்டத்தட்ட ஒன்று. "ஒரே ஈத்துல ரெண்டு நிறமும் விழும், அப்புறம் எப்படி தனி இனம்?" என்பது ஒரு தரப்பு. "தலைமுறை தலைமுறையா நாங்க கன்னியைக் கன்னியோடதான் சேர்க்கிறோம், ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா எங்க லைன் காணாமப் போயிடும்" என்பது இன்னொரு தரப்பு.

கர்னால் பட்டியலில் முதல் சுற்றில் சிப்பிப்பாறை ஏறியது, கன்னி ஏறவில்லை. தேனி மாவட்டத்துக் கோம்பையும் ஏறவில்லை. இத்தனைக்கும் 2020 ஆகஸ்ட் மாதம் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறையோடு கன்னி, கோம்பை பெயர்களையும் சேர்த்தே சொன்னார். பட்டியலில் இருக்கும் இனத்துக்கும் இல்லாத இனத்துக்கும் குட்டி விலையிலேயே வித்தியாசம் வந்துவிடுமோ என்ற பயம் வளர்ப்பவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு.

முயல் செஞ்ச வேலையை இப்ப நடுவர் செய்றார்

எனக்குத் தோன்றுவது இதுதான்: பேப்பருக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம், நாய்க்கு வேலை போனது.

ஒரு காலத்தில் சிப்பிப்பாறையின் தரத்தைச் சொன்னது முயல்தான். காட்டில் விட்டால் பிடிக்கிற நாய் நல்ல நாய். அதன் குட்டிக்கு ஊரே சொல்லி வைக்கும். பிடிக்காத நாய் என்ன அழகாக இருந்தாலும் வம்சம் வளராது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முயல் வேட்டை குற்றமாச்சு. ஆகவேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பரீட்சை போனதும், மார்க் போடுவது யார் என்ற கேள்வி வந்தது. அந்த இடத்தில் டாக் ஷோ நடுவரும், வம்சாவளிப் பேப்பரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நடுவர் வளையத்துக்குள் நடக்கவிட்டுப் பார்ப்பது உயரம், நிறம், நடை, நிற்கிற அழகு. மோப்பமும் மூச்சும் துணிச்சலும் அங்கே தெரியவராது. இன்றைக்கும் ஜவ்வாது மலை மாதிரி ஊர்களில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் கிடக்கும் நாயிடம் யாரும் பேப்பர் கேட்பதில்லை. ராத்திரி குரைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டிலும் இதே பஞ்சாயத்துதான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாயை 1990-களில் அமெரிக்கன் கென்னல் கிளப் தன் பட்டியலில் சேர்த்தபோது, மேய்ச்சல் நாய் வளர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள். 'அழகுப் போட்டிக்கு வளர்க்க ஆரம்பிச்சா புத்தி மழுங்கிடும்' என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய சங்கங்களில் ஒன்றான அமெரிக்கன் பார்டர் கோலி அசோசியேஷன் ஒரு விதியே வைத்திருக்கிறது: கென்னல் கிளப் அழகுப் போட்டியில் சாம்பியன் ஆன நாயின் பதிவை இங்கே ரத்து செய்துவிடுவார்கள்! பிரிட்டனின் மேய்ச்சல் நாய் சங்கத்தில் நிலைமை தலைகீழ். பேப்பரே இல்லாத நாயும் வேலையில் அசத்தினால், தகுதி அடிப்படையில் புத்தகத்தில் ஏற முடியும். நம்ம கோவிவன் அங்கே பிறந்திருந்தால் பிழைத்திருக்கும்.

பால் வெள்ளையின் விலை

சரி, கிளப்கள் அடித்துக்கொண்டால் நாய்க்கு என்ன நஷ்டம்? இருக்கு. பெரிய நஷ்டம்.

ராஜபாளையம் என்றால் பால் மாதிரி வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. வேறு நிறக் குட்டிகளும் முன்பு பிறந்திருக்கின்றன. ஆனால் வெள்ளைதான் அசல் என்று முடிவாகி, வெள்ளையை வெள்ளையோடு சேர்த்துக்கொண்டே போனார்கள். நாயின் உட்காதில் நிறமிச் செல்கள் இருந்தால்தான் கேட்கும் நரம்பணுக்கள் உயிரோடு இருக்கும். முழு வெள்ளையாக்கும் மரபணு சில குட்டிகளில் அந்த நிறமிச் செல்களையும் காலி செய்துவிடுகிறது. விளைவு, பிறவிச் செவிடு. ராஜபாளையம் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் ஒரு செவிட்டுக் குட்டிக் கதை சொல்வார்கள்.

இதைச் சரிசெய்யப் புது ரத்தம் வேண்டும். அங்கேதான் பதிவேடு முட்டுக்கட்டை போடும். புத்தகத்தை மூடிவிட்டால், ஏற்கெனவே பதிவான நாய்களின் வாரிசு மட்டுமே உள்ளே வரலாம். எண்ணிக்கை குறைவான இனத்தில் இது அண்ணன் தங்கையைச் சேர்த்துவைப்பதில் போய் முடியும். திறந்தே வைத்தால், பார்க்க வெள்ளையாக இருக்கும் எந்தக் கிராஸும் 'அசல்' ஆகிவிடும். ரெண்டு பக்கமும் இடி!

டால்மேஷன் நாய்க்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அந்த இனம் முழுக்க யூரிக் அமிலக் கோளாறு, சிறுநீரில் கல். 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர், ஒரே ஒரு பாயின்டர் நாயோடு கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, அந்தக் கோளாறு இல்லாத டால்மேஷன்களை உருவாக்கினார். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனாலும் 'கலப்பு ரத்தம்' என்று சொல்லி பிரீடர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றை முறையாக ஏற்றுக்கொண்டது 2011-ல். மருந்து கையில் இருந்தும் 38 வருஷம்!

அரசாங்கமே செய்யலாமே என்பீர்கள். செய்தது. சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு பல வருஷம் இயங்கியது. அங்கே நாய்களைப் பராமரித்த விதம் சரியில்லை என்று விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டிய சமயம் என்பதால், 'நாட்டு நாயையும் அழிக்கிறாங்க' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அந்தச் செய்தியின் பின்னணி இதுதான்.

குட்டி வாங்கப் போறீங்களா?

முதலில் ஒரு தெளிவு. எந்த கிளப் பேப்பராக இருந்தாலும் அது சொல்வது, 'இந்தக் குட்டிக்கு அப்பா அம்மா இன்னார்' என்று பிரீடர் கொடுத்த தகவலை. ஆரோக்கியத்துக்கு அது கேரன்டி கிடையாது. பெற்றோரை உறுதியாகத் தெரிந்துகொள்ள டி.என்.ஏ டெஸ்ட்தான் வழி.

பேப்பரில் மைக்ரோசிப் நம்பர் இருந்தால், 15 இலக்கம் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, அதே நம்பர்தான் நாயின் உடம்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பேப்பர் ஒரு நாய்க்கு, கையில் கொடுப்பது இன்னொரு நாய் என்ற தில்லாலங்கடி இங்கேதான் மாட்டும்.

விற்பவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது கிளப் பேப்பரை அல்ல. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்கு 18 மாதம் ஆவதற்கு முன் சேர்க்கை கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளுக்கு ஐந்து. "வாரியப் பதிவு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால் பலர் கே.சி.ஐ பேப்பரை நீட்டுவார்கள். அது வேறு, இது வேறு.

அம்மா நாயைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவையும். ரெண்டும் ஒரே வீட்டுக் குட்டிகளா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது கை தட்டினால் ஏமாந்துபோவீர்கள். கூட இருப்பவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும். தனியாக ஓர் அறையில் விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று, தரை அதிராமல் சத்தம் எழுப்புங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். அதற்கு மூளையின் கேட்டல் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கு. அந்த வசதி எங்கே இருக்கிறது என்று உங்கள் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இன்னொரு எளிய அடையாளமும் உண்டு: சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டு எல்லாக் குட்டியும் எழுந்து ஓடும்போது, ஒன்று மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.